கையைக் காட்டாதே

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. ஒரு பத்திரிகை ஆசிரியர் போன் செய்து, “புது மொழி ஒன்றைத் தினமும் அரைமணி நேரம் படித்து முன்னேறிய ஒருவரைப் பற்றிக் கதை வேண்டும். ஆள் வடசென்னையாக இருந்தால் நல்லது, உருக்கமாக இருக்கும்” என்றார். உருக்கத்துக்கு எங்கள் ஊரைத்தான் மொத்தக் கொள்முதல் செய்கிறார்கள் போலிருக்கிறது. சரி என்று சொல்லித் தொலைத்தேன். முதல் வரியும் எழுதினேன்.

[காலை ஐந்து மணி. காசிமேடு இன்னும் கண் விழிக்கவில்லை. ஜெயவேல் மட்டும்—]

அடித்துவிட்டேன். ஐந்து மணிக்குக் காசிமேடு துறைமுகத்தில் பாதி மீன் ஏலம் முடிந்திருக்கும். பழக்கவழக்கம் பற்றி அறிவுரை எழுதுகிறவர்களுக்கு எப்போதும் ஊர் தூங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

2

ஜெயவேல் விசைப்படகில் வேலை செய்கிறான்.* கடலுக்குப் போனால் திரும்ப ஒரு வாரம், பத்து நாள் ஆகும். மனைவி கார்குழலி. மகள் ஜோதிகாவுக்கு ஐந்து வயது, பிறவியிலேயே காது கேட்காது. தொண்டியார்பேட்டையில் ஒரு மையத்தில் அவளுக்குச் சைகை மொழி கற்றுத்தருகிறார்கள். பெற்றோரும் தினமும் வந்து கற்க வேண்டும். அவன் படிக்க வேண்டிய புது மொழி அதுதான். படிக்காவிட்டால் முன்னேற்றம் ஒன்றும் கெட்டுப்போகாது. பெற்ற மகளோடு பேச முடியாது, அவ்வளவுதான்.

(* இப்படி ஒரு ஜெயவேல் இல்லை. துறைமுகத்தில் ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்த ஒருவர் கையாலேயே இன்னொருவரிடம் தண்ணீர் கேட்டதைப் பார்த்தேன். மீதி என் கோபம்.)

3

படகில் இன்ஜின் சத்தத்துக்கு முன்னால் வாய்ப்பேச்சு எடுபடாது. கயிற்றை இழு, விடு, வேகத்தைக் குறை, எல்லாமே கைதான். ஜெயவேல் அங்கேதான் பயிற்சி எடுத்தான். வகுப்பில் கற்ற சோறு, தண்ணீர், தூக்கம் எல்லாவற்றையும் கூட இருப்பவர்களிடம் காட்டினான். படகை ஓட்டும் திருமலை முதலில் சிரித்தார். பிறகு அவரே தண்ணீரை அப்படிக் கேட்க ஆரம்பித்தார். ஜெயவேல் ஒருநாள்கூட விடவில்லை. பத்திரிகை ஆசிரியரே, நீங்கள் கேட்ட தினசரிப் பழக்கம் இதுதான்.

தப்பும் அங்கேதான் நடந்தது. வகுப்பின் கையும் படகின் கையும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. ஒருநாள் ஜோதிகா அவசர அவசரமாகச் சாப்பிட்டபோது உள்ளங்கையைக் கீழ்நோக்கி அழுத்திக் காட்டினான். இன்ஜினைக் குறை என்பதற்குப் படகில் காட்டுவது அது. அவளுக்குச் சட்டென்று புரிந்தது. மெதுவாகச் சாப்பிட்டாள். அதிலிருந்து அவன் கரையில் இருக்கும் நாட்களில் அவள் வேறு யார் கையையும் பார்க்கவில்லை.

4

மையத்தில் பாடம் நடத்தும் மேடம் வேகமாகச் சைகை செய்தபோது ஜோதிகா அவரிடமும் உள்ளங்கையை அப்படியே கீழ்நோக்கி அழுத்திக் காட்டினாள். எங்கே கற்றாள் என்று விசாரணை நடந்தது. ஜெயவேல் கரைக்கு வந்ததும் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

[மேடம் இரக்கமில்லாதவர். அவர் உதட்டில் ஒரு ஏளனம்—]

இல்லை. அப்படி எழுதினால் எனக்கு வசதி. அவர் நல்லவர். முழுமையான மொழி இருந்தால்தான் ஜோதிகா நாளைக்குப் பள்ளிக்கும் வேலைக்கும் போக முடியும் என்பதும் உண்மை.

“மொழின்னா தினமும் பழகணும் சார். நீங்க பாட்டுக்குப் பத்து நாள் காணாமப் போறீங்க. வந்து தப்பாச் சொல்லிக் கொடுக்கறீங்க.”

“தெனம் பண்ணிகினுதான் கீறேன் மேடம். கடலு இன்னா வண்ணாரப்பேட்டையா, பஸ்ஸு புடிச்சு வர்றதுக்கு?”

“தினமும் வகுப்புக்கு வர முடியற வரைக்கும் குழந்தை முன்னாடி கையைக் காட்டாதீங்க. குழம்பிடுவா.”

“அப்போ எம் பொண்ணுகிட்ட நான் இன்னாதான் பண்றது?”

“சிரிங்க. அது போதும்.”

இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டுப் போய் டீ குடித்தேன். ஆத்திரம் அடங்கவில்லை. காது கேட்கிற பிள்ளையிடம் தப்பும் தவறுமாகப் பேசாத அப்பன் எவன்? அவனை யாராவது வாயை மூடச் சொன்னார்களா? எங்கள் வாயைக் கேலி செய்தது போதாதென்று இப்போது கைக்கும் வந்துவிட்டார்கள்.

5

முடிவுகள்.

அ) ஜெயவேல் படகை விட்டுவிட்டுக் கரையில் வேலை தேடிக்கொள்கிறான், தினமும் வகுப்புக்குப் போகிறான். பத்திரிகை ஆசிரியர் உச்சி குளிர்ந்துபோவார். தெரிந்த ஒரே தொழிலைப் பிடுங்கித்தான் ஒருவனுக்கு ஒழுக்கம் கற்பிக்க வேண்டுமா?

ஆ) மேடம் துறைமுகத்துக்கு வருகிறார். படகுக்காரர்கள் கையால் பேசுவதைப் பார்த்துக் கண் கலங்குகி— வேண்டாம். இங்கே வந்து கண் கலங்கிவிட்டுக் காரில் ஏறிப் போனவர்கள் போதும்.

இ) என்னால் எழுத முடிந்தது இவ்வளவுதான்.

மேடம் சொன்னபடியே ஜெயவேல் மகள் முன்னால் கையை அசைக்கவில்லை. சிரித்தான். ஜோதிகா கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவன் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, அடிபட்டிருக்கிறதா என்று ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பார்த்தாள். கார்குழலி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மறுபடி கடலுக்குப் புறப்படும் நாள். அம்மாவோடு கரையில் நிற்கிற ஜோதிகா, எப்போது வருவாய் என்று அவனைக் கேட்கிறாள். வகுப்பில் கற்ற சைகை, சுத்தமாக, ஒரு பிழை இல்லாமல். அவனுக்குப் பதில் தெரியும். அதற்கான சைகையை வகுப்பில் கற்றானா, படகில் கற்றானா என்பதுதான் தெரியாது. படகு நகரத் தொடங்குகிறது.

இதற்கு மேல் நான் எழுத மாட்டேன். மேடம் சொன்னதுதான் சரி என்கிறவர்கள் அவன் கையைத் தாராளமாகக் கட்டிவையுங்கள். ஆனால் அப்பா ஏன் பதில் சொல்லவில்லை என்பதைக் கரையில் நிற்கிற அந்தக் குழந்தையிடம் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள். எந்த மொழியில் என்று என்னைக் கேட்காதீர்கள்.