ரோஸ் நிறக் கூரை வீடு

வென்ராய் மீட் பிறந்து வளர்ந்த வீட்டைப் பார்த்துக் கண்ணீர் விடாத வெளிநாட்டுக்காரர்கள் குறைவு. டென்மார்க்கிலிருந்து வந்த ஒரு பல் டாக்டர் விக்கி விக்கி அழுது, மூக்குக் கண்ணாடியை அங்கேயே சாம்பலில் தொலைத்துவிட்டுப் போனார். கீழ்த்தளம் முழுக்கப் புதைந்து, மாடியும் ரோஸ் நிறத் தகரக் கூரையும் மட்டும் வெளியே நிற்கிற வீடு அது. பார்த்தால் யாருக்கும் மனசு இளகும். ஒரே ஒரு குறைதான். அது வென்ராயின் வீடு இல்லை.

அவனை ஒரேயடியாகத் திட்டவும் முடியாது. கரீபியன் கடலில் இருக்கிற எங்கள் மான்செராட் தீவில் பாதியை எரிமலை விழுங்கிவிட்டது. விழுங்கிய பாதியைக் காட்டித்தான் மீதிப் பாதி பிழைக்கிறது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், வழிகாட்டி உரிமம் வாங்கிய புதிதில், அவன் உண்மையைத்தான் சொன்னான். பழைய தலைநகரான பிளிமத்தின் மேல் நின்றுகொண்டு, வெறும் சாம்பல் தரையைக் காட்டி, "எங்க வீடு இதுக்குக் கீழ நாப்பது அடியில இருக்கு" என்றான். வந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். பிறகு செல்போனைப் பார்த்தார்கள். ஒருவர் கழிப்பறை எங்கே என்று கேட்டார். மறுவாரம் அவன் விரல் தானாக நகர்ந்து, மேட்டில் தெரிந்த ரோஸ் கூரையைக் காட்டியது. அன்றைக்கு இரண்டு பேர் அழுதார்கள். அதற்கப்புறம் விரல் பழைய இடத்துக்குத் திரும்பவே இல்லை.

மாட்டிக்கொள்ள வழியும் இல்லை. அந்தப் பகுதிக்குள் வழிகாட்டி இல்லாமல் யாரும் போகக் கூடாது. அந்தத் தெருக்காரர்களோ தொண்ணூற்றேழில் மலை வெடித்தபோது மூட்டை கட்டிக்கொண்டு இங்கிலாந்து போனவர்கள். ஆனாலும் வென்ராய்க்கு உள்ளூர ஒரு உதைப்பு இருந்துகொண்டே இருந்தது. உரிமம் போனால்கூடச் சமாளிக்கலாம், பெயர் போனால் போனதுதான். நாலாயிரத்துச் சொச்சம் பேர் இருக்கிற தீவு, எங்களுக்கு வேறு பொழுதுபோக்கு கிடையாது. எண்பத்திரண்டில் ஒருவர் கடலில் மச்சக்கன்னியைப் பார்த்ததாக ரம் கடையில் வாய் தவறிச் சொன்னார். அவர் செத்தபோது வானொலி இரங்கல் அறிவிப்பில்கூட 'மச்சக்கன்னி லிஞ்ச்' என்றுதான் வாசித்தார்கள்.

அந்த வியாழக்கிழமை ஆன்டிகுவாவிலிருந்து காலைப் படகில் ஆறு பேர் வந்து இறங்கினார்கள். டோரீன் என்ற கனடாக்கார அம்மாவும் அவள் கணவரும், எதையும் தொடப் பயந்த இரண்டு அமெரிக்கச் சகோதரிகள், ஒரு ஜெர்மன் இளைஞன். ஆறாவதாக எங்களைப் போலவே கறுப்பு நிறத்துப் பெண்மணி ஒருத்தி. அறுபதைத் தாண்டிய வயசு, அகலமான தொப்பி, கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் கேமரா.

எங்கள் ஊரில் புது முகத்தைப் பார்த்தால் வணக்கம்கூட அப்புறம்தான். முதல் கேள்வி, 'நீ யாரு வீட்டுப் புள்ள?' அப்பன் பேர், பாட்டன் பேர், எந்தத் தெரு, எந்த மாமரம் என்று தெரியும்வரை விடமாட்டோம். கல்யாணம் செய்துவைக்க வந்த பாதிரியாரிடமே மணமேடையில் கேட்டிருக்கிறார்கள். வென்ராய் கேட்கவில்லை. தொப்பியைப் பார்த்தான், கேமராவைப் பார்த்தான், அவள் சொன்ன குட் மார்னிங்கில் இருந்த இங்கிலாந்து வாடையைக் கவனித்தான், "வாங்க மேடம்" என்று வேன் கதவைத் திறந்துவிட்டான். அவன் செய்த தப்புகளிலேயே பெரிய தப்பு அடுத்தவர் வீட்டைத் தன் வீடென்று சொன்னது இல்லை. இதுதான்.

முதலில் ரன்அவே ஓடையில் நிறுத்தினான்.

"இந்தத் தண்ணிய ஒரு வாய் குடிச்சாப் போதும். திரும்பத் திரும்ப இந்தத் தீவுக்கு வருவீங்க. நூத்துக்கு நூறு உண்மை."

நூற்றுக்கு நூறு. மலை வெடிக்கிறவரை பத்தாயிரம் பேருக்கு மேல் அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் வளர்ந்தோம். அதில் மூன்றில் இரண்டு பங்கு இன்றைக்கு இங்கிலாந்து மழையில் பஸ்ஸுக்கு நிற்கிறது. தண்ணீருக்கு ஞாபக மறதி போலிருக்கிறது.

சகோதரிகள் உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டார்கள். தொப்பிக்காரி கையைக் குவித்து மூன்று மடக்கு குடித்தாள்.

"தம்பி, இது எத்தன வருஷத்துல வேல செய்யும்?"

"அது ஆளப் பொறுத்தது மேடம்."

"இருபத்தேழு வருஷம் ஆகுமோ?"

"அவ்வளவெல்லாம் ஆகாது மேடம். நல்ல தண்ணி."

"அப்படியா" என்று அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மத்தியானச் சாப்பாட்டிலாவது அவன் சுதாரித்திருக்கலாம். எங்கள் ஊர்க் குழம்பான கோட் வாட்டருக்குப் பெயரில்தான் தண்ணீர், உள்ளே முழுக்க ஆட்டுக்கறி. மற்ற ஐந்து பேரும் கிண்ணத்துக்குள் எலும்பைக் கரண்டியால் துரத்திக்கொண்டிருக்க, அவள் கையால் எடுத்து உறிஞ்சினாள், ரொட்டியைத் தோய்த்துக் கிண்ணத்தைத் துடைத்தாள். "கிராம்பு கம்மி" என்றாள். வென்ராய் அப்போது டோரீனுக்குத் தன் சின்ன வயசுத் துயரத்தை முன்னோட்டம் விட்டுக்கொண்டிருந்தான். காதில் விழவில்லை.

சாம்பல் பகுதியின் வாசலில் கான்ஸ்டபிள் டெல்மோர் நோட்டும் கையுமாக வந்தான்.

"எத்தன பேரு?"

"விருந்தாளி ஆறு, உள்ளூர் ஒண்ணு."

டெல்மோர் எழுதிக்கொண்டு கேட்டைத் திறந்தான். எதிரே மணல் லாரிகள் வரிசையாக வந்தன. மலை எங்கள் ஊர்மேல் கொட்டியதை வாரிக்கொண்டு போய் அக்கம்பக்கத்துத் தீவுகளில் ஹோட்டல் கட்டுகிறார்கள். நல்ல உறுதியான மணல் என்று சொல்கிறார்கள். இருக்காதா பின்னே, ஒரு ஊரே அதில் கலந்திருக்கிறது.

வேனை ரோஸ் கூரைக்கு எதிரே நிறுத்தினான். இறங்கினதும் ஒரு நிமிஷம் பேசாமல் நிற்பது அவன் வழக்கம். எச்சிலை விழுங்குவான். பிறகு கையை நீட்டுவான்.

"நான் பொறந்த வீடு."

டோரீன் கைக்குட்டையை எடுத்தாள்.

"கூரைக்குக் கீழ சின்னதா ஒரு ஜன்னல் தெரியுதா? அதான் என் ரூம். அப்ப எனக்கு ஒம்பது வயசு. படுத்துக்கிட்டே அது வழியா மலை செகப்பா எரியறதப் பாத்துக்கிட்டிருப்பேன். எங்கப்பா ஆடுற நாற்காலிய விட்டு எந்திரிக்க மாட்டேன்னுட்டாரு. எங்கம்மா அடுப்புல இருந்த கொழம்புச் சட்டியோட எங்களக் கூட்டிக்கிட்டு ஓடினா."

டோரீன் தேம்பினாள். ஜெர்மன் இளைஞன்கூடத் தொண்டையைச் செருமினான். இருபது நிமிஷம் படம் எடுத்துக்கொள்ளலாம், வீட்டுக்குக் கிட்டே மட்டும் போகக் கூடாது என்று சொல்லி அவர்களை விட்டுவிட்டு, வென்ராய் வேனில் சாய்ந்து நின்றான். வேலை முடிந்த திருப்தி முகத்தில் தெரிந்தது. தொப்பிக்காரி பக்கத்தில் வந்து நின்றாள்.

"தம்பி, கட்டில எந்தப் பக்கமா போட்டிருந்தீங்க?"

"ஜன்னல ஒட்டித்தான் மேடம்."

"ஐயோ பாவம். எப்படித்தான் படுத்தியோ. அங்க தொட்டி இருந்துச்சே."

"எந்தத் தொட்டி?"

"குளிக்கிற தொட்டி. அது பாத்ரூம் ஜன்னல்ப்பா. அதுவும் கடலப் பாத்தது. மலை அந்தாண்ட இருக்கு. நீ எரியறதப் பாத்தேன்னா, கழுத்து செவுத்த ஓட்ட போட்டுக்கிட்டுப் போயிருக்கணும்."

வென்ராய் வேனை விட்டு நிமிர்ந்தான். அவள் கண்ணாடியைக் கழற்றினாள்.

"நான் இஸ்மே ஸ்கெரிட். இந்தத் தெருவுக்கெல்லாம் தபால் போட்டவ. இந்த வீட்டக் கட்டி முடிக்க எனக்குப் பதினோரு வருஷம் ஆச்சு. கூரைக்கு அந்த ரோஸ் பெயின்ட நான்தான் ஏணி வெச்சு அடிச்சேன். ரெண்டாவது பூச்சு ஞாயித்துக்கிழம அடிக்கலாம்னு இருந்தேன், வெள்ளிக்கிழம கெளப்பிவிட்டுட்டாங்க. இப்ப என் வீட்டப் பாக்க நானே டிக்கெட் வாங்கிக்கிட்டு வந்திருக்கேன். வந்தா, என் பாத்ரூம்ல நீ படுத்திருக்கே."

"மிஸ் இஸ்மே, உங்க கால்ல விழறேன். படகுத் துறையில மட்டும் யார்கிட்டயும் சொல்லிராதீங்க. எனக்குப் பேரு வெச்சிருவாங்க. சாகறவரைக்கும் போகாது."

"வீட்ட எடுத்துக்கிட்டது கூடப் போவட்டும்." கையிலிருந்த கண்ணாடியை மடித்தாள். "காலையிலேர்ந்து அஞ்சு மணி நேரம் உன் வண்டியில உக்காந்து வந்தேன். நீ யாரு வீட்டுப் புள்ளன்னு ஒரு வார்த்த கேட்டியாடா? படகுல வர்றப்ப பதில ஒத்திகை பாத்துக்கிட்டே வந்தேன். மேடமாம் மேடம்."

வென்ராய் தலை குனிந்தான்.

"காலையில பேரு மீட்னுதானே சொன்னே? தையக்காரி ஜோசஃபின் மகனா?"

"ஆமா."

"உன் வீடு எங்க?"

பன்னிரண்டு வருஷத்துக்கு அப்புறம் விரல் பழைய இடத்துக்குப் போனது. கீழே, ஒன்றுமே இல்லாத சாம்பல் வெளி.

"எப்படி இருந்துச்சு? சொல்லு."

வாயைத் திறந்தான். ஆடுகிற நாற்காலி வந்தது. சின்ன ஜன்னல் வந்தது. ரோஸ் கூரை வந்தது. வாரத்துக்கு இரண்டு தரம் சொல்லிச் சொல்லிப் பழகியது மட்டும் வரிசையாக வந்தது. அதற்குப் பின்னால் தேடினான். ஒன்றும் இல்லை. அவனுக்கு உண்மையிலேயே பயம் வந்துவிட்டது.

"வரல மிஸ் இஸ்மே. எங்க வீடு ஞாபகத்துக்கு வரல."

"எப்படி வரும்? மலை ஒரு தடவதான் மூடுச்சு. நீ வாரத்துக்கு ரெண்டு தடவ மூடியிருக்கே."

சொல்லிவிட்டுத் தன் கூரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு அவன் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"நீலக் கதவு. பல்லி வருதுன்னு உங்கம்மா கடுதாசி போடற சந்துல துணிய அடைச்சு வெச்சிருப்பா. நான் ஜன்னல் வழியாத்தான் நீட்டணும். ஜன்னலோரமா தையல் மெஷின். உங்கப்பனுக்கு ஏது ஆடுற நாற்காலி, துறைமுகத்துல மூட்ட தூக்கின மனுசனுக்கு உக்கார ஏது நேரம்? நீ மெஷினுக்கு அடியில உக்காந்து காந்தத்த வெச்சு ஊசி பொறுக்கிக்கிட்டிருப்பே."

"செகப்புக் காந்தம்" என்றான் வென்ராய். "ஒரு மொன ஒடஞ்சிருக்கும்."

அப்படியே சாம்பல் தரையில் உட்கார்ந்துவிட்டான். மெஷினின் சத்தம், அம்மாவின் பாதம், தரையில் கிடந்த நூல் துண்டுகள் எல்லாம் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்தன. பன்னிரண்டு வருஷமாக மற்றவர்களை அழவைத்தவன் அன்றைக்கு ஒரு பாட்டம் அழுதான்.

ஐந்து பேரும் திரும்பி வந்தபோது எழுந்து நின்று சொல்லிவிட்டான். "மன்னிச்சுக்குங்க. இது என் வீடு இல்ல, இந்த அம்மா வீடு. என் வீடு அதோ அங்க, தரைக்குக் கீழ இருக்கு. நீலக் கதவு."

டோரீன் தரையைப் பார்த்தாள், வீட்டைப் பார்த்தாள், இஸ்மேயைப் பார்த்தாள். "இவங்க பர்மிங்ஹாம்தானே? படகுல எங்களோட பிஸ்கட் சாப்பிட்டாங்களே."

"அப்ப நாங்க எதப் படம் எடுக்கிறது?" என்றார் கணவர்.

பொய் சொன்னபோது ஒருவர் பாக்கியில்லாமல் நம்பினார்கள். உண்மைக்குச் சாட்சி கேட்டார்கள். கடைசியில், பார்க்க லட்சணமாக இருப்பதால் ரோஸ் கூரையையே இன்னொரு தடவை படம் எடுத்துக்கொண்டு வேனில் ஏறினார்கள். விட்ட கண்ணீரைத் திருப்பிக் கேட்கலாமா என்கிற முகத்தோடு டோரீன் கைக்குட்டையை மடித்து வைத்தாள்.

கேட்டில் டெல்மோர் நோட்டை நீட்டினான். "எத்தன பேரு?"

"விருந்தாளி அஞ்சு, உள்ளூர் ரெண்டு."

"போறப்ப ஆறுன்னியே. கணக்கு இடிக்குதே."

"இடிக்கல. எழுது."

டெல்மோர் குனிந்து வேனுக்குள் பார்த்தான். கடைசி சீட்டில் இஸ்மே தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். டெல்மோர் உரிமம் வாங்கிய வழிகாட்டி இல்லை, சாதாரண ஊர்க்காரன். அதனால் கேட்க வேண்டியதைக் கேட்டான்.

"அம்மா, நீங்க யாரு வீட்டுப் புள்ள?"

இஸ்மே நிமிர்ந்து உட்கார்ந்தாள். அப்பன் பேரில் தொடங்கி, பாட்டன் பேர், பாட்டனின் படகு, அது கவிழ்ந்த இடம், சித்தப்பா பாடிய தேவாலயம் என்று ஒன்று விடாமல் சொன்னாள். பின்னால் இரண்டு மணல் லாரிகள் ஹாரன் அடித்தன. யாரும் நகரவில்லை. கடைசியாக, "மேட்டுல ரோஸ் கூரை போட்ட வீடு" என்றாள்.

"ரோஸ் கூரையா? அது நம்ம வென்ராய் வீடுன்னு இல்ல சொல்லிக்கிறாங்க?"

இஸ்மே, டிரைவர் சீட்டுக்கு மேலே இருந்த கண்ணாடியில் தெரிந்த வென்ராயின் கண்களை மட்டும் பார்த்தாள். சொல்லிவிட்டால் தீர்ந்தது என்று அவனுக்குத் தெரியும். அவனே வாயைத் திறந்தான்.

"இல்லடா. அது மிஸ் இஸ்மே வீடு. என் ரூம்னு நான் இத்தன வருஷமா காட்டினது அவங்க பாத்ரூம் ஜன்னல்."

டெல்மோர் நோட்டை மூடினான். பேனாவைச் சட்டைப் பையில் செருகினான். பிறகு நிதானமாகச் செல்போனை எடுத்தான்.

சாயங்காலப் படகு கிளம்புவதற்குள் தீவு முழுக்கச் சேதி போய்விட்டது. அன்றிலிருந்து அவன் பெயர் பாத்ரூம் மீட். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறான். வெறும் தரையைக் காட்டி நீலக் கதவையும் சிவப்புக் காந்தத்தையும் பற்றிச் சொல்கிறான், கேட்கிறவர்கள் செல்போனைப் பார்க்கிறார்கள். அவன் கண்டுகொள்வதில்லை. ஆனால் படகிலிருந்து இறங்குகிறவர் ஜப்பான்காரரே ஆனாலும் சரி, நீங்க யாரு வீட்டுப் புள்ள என்று கேட்காமல் வேன் கதவைத் திறப்பதில்லை.