எதிர்வீட்டுக் கண்

“நேத்து பஸ் ஸ்டாண்டுலேருந்து ஒரு கால்ல மட்டும் செருப்போட நடந்து வந்தது நானா, நீங்களா வாத்தியாரே?”

“அதுக்குத் தெருவெல்லாம் தமுக்கடிப்பியா லீலா? சர்க்கரை என்னுது, காலும் என்னுது!”

எதிர்வீட்டு லீலா மேரியின் தொண்டைக்கு ஒலிபெருக்கி வேண்டாம். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் சவரியாரும் சளைத்தவரில்லை. வரதராஜன்பேட்டையின் அந்தத் தெரு, அடுப்பை அணைத்துவிட்டு வந்து வேடிக்கை பார்த்தது.

அவர் கோபத்துக்குக் காரணம் இருந்தது. மகள் நான்சிக்கு வரன் அமைந்தால் ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்கு வெறுங்காலோடு நடந்தே வருவதாக நேர்ந்திருந்தார். வரன் அமைந்துவிட்டது. நடைக்கு இன்னும் நான்கே நாள். செருப்பு கழன்றதுகூடத் தெரியாத கால் என்று நான்சி காதில் விழுந்தால் வாசலைத் தாண்ட விடுவாளா?

விழுந்தது. வேலைக்குப் போயிருந்த நான்சிக்கு லீலா மேரி போன் போட்டே சொன்னாள்.

மறுநாள் காலை நான்சி அவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இழுத்துப்போனாள். நர்ஸ் சசிகலா கண்ணை மூடச் சொன்னார். மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டார்.

“தெரிஞ்சா சொல்லுங்க சார்.”

“மொதல்ல தொடும்மா.”

“ஆறு எடத்துல தொட்டாச்சு சார்.”

வாத்தியார் கண்ணைத் திறந்து தன் காலைப் பார்த்தார். செருப்பில்லாமல் வந்த குதிகாலில் கருவேல முள் ஒன்று முறிந்து உள்ளேயே கிடந்தது. “இதோட நடந்திருந்தீங்கன்னா கால எடுக்க வேண்டி வந்திருக்கும்” என்றார் டாக்டர்.

திரும்பியதும் அவர் தன் வீட்டுக்குள் போகவில்லை. எதிர்வீட்டு வாசலில் நின்றார்.

“மாதா ஒன் கண்ணு வழியாத்தான் பாத்திருக்காங்க, லீலா.”

“இத்தன நாளா கொள்ளிக்கண்ணுன்னீங்களே வாத்தியாரே?”

அவர் இரண்டு கையையும் கூப்பினார்.

புண் ஆறியபின், சர்க்கரைக்காரர்களுக்கென்று செய்த மெத்துச் செருப்போடு ஏலாக்குறிச்சிக்கு நடந்தார். கூடவே லீலா மேரியும் நடந்தாள்; வழிநெடுக அவள் வாய்தான் முன்னால் போனது.

மே மாதம் நான்சி கல்யாணமாகிப் பெரம்பலூர் போனாள். ஜூனில் லீலா மேரி, சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கும் மகன் ஆண்ட்ரூஸோடு ரெட்டிபாளையத்தில் குடியேறினாள். தினமும் காலையில் வாத்தியார் வீடியோ கால் போட்டு உள்ளங்காலைத் தூக்கிக் காட்டுகிறார். “வெரலிடுக்க விரிச்சுக் காட்டுங்க” என்று அங்கிருந்து அதட்டல் வருகிறது.

எதிர்வீட்டில் இப்போது புதுக் குடித்தனம். பாவம், ரொம்ப நல்லவர்கள். யாரையும் ஏறிட்டும் பார்ப்பதில்லை.