காத்தக்காவின் உள்பாய்

காத்தக்கா எந்தப் பக்கம் பார்க்கிறாளோ அந்தப் பக்கம் காற்று வீசும். பெரிய காற்று இல்லை. ஒரு இரட்டைக் கட்டில் விரிப்பின் அகலம், ஈரத் துணியைச் சீக்கிரம் உலர்த்தும் வேகம். சின்ன வயதில் தொடங்கியது, பிறகு நிற்கவே இல்லை. பள்ளியில் அவள் கரும்பலகையைப் பார்த்தால் ஆசிரியர் முகமெல்லாம் சுண்ணக்கட்டித் தூள். பதிவு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்றே எல்லாத் துறைகளின் காகிதங்களும் ஒரே துறையாயின. சிலர் அதை நிர்வாகச் சீர்திருத்தம் என்று நினைத்துக் கைதட்டினார்கள். அதன் பிறகு அவள் தரையைப் பார்த்து நடக்கப் பழகிக்கொண்டாள். குனிந்த தலை நிமிராத பெண் என்று ஊரே மெச்சியது.

அந்தப் பெயரைக் கேள்விப்பட்டுத்தான் காப்பீட்டு அலுவலக அதிகாரி அவளைக் கட்டிக்கொண்டார். ஒரு காதோரத்து முடியை வளர்த்து மறு காது வரை வாரி வழுக்கையை மூடியிருந்தவர். கல்யாணத்தன்று அவள் முதல் முறையாக நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். முடி மொத்தமும் எழுந்து கொடிபோல் பின்னால் பறந்தது. அவர் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "பரவாயில்ல, நீ பாரு. நான் தொப்பி வாங்கிக்கறேன்" என்றார். அந்த ஒரு பேச்சுக்காக அவருடைய மற்ற எல்லாப் பேச்சையும் அவள் பொறுத்துக்கொண்டாள். மற்றவை ஏராளம்.

தொப்பிகள் பறந்துகொண்டே இருந்தன. கடைசியில் மோவாயில் நாடா கட்டும் ஒன்று நிலைத்தது. தங்க நூல் பின்னிய மாலுமித் தொப்பி. தொப்பிக்கு ஏற்ற கோட்டு வந்தது. ஓய்வு பெற்ற கையோடு கோட்டுக்கு ஏற்ற பாய்மரப் படகும் வந்தது. வீட்டை விற்று இருவரும் அதிலேயே குடியேறினார்கள். துறைமுகத்தில் அவருக்கு அட்மிரல் என்று பெயர் வைத்தார்கள். மரியாதை என்று நினைத்து அவர் தினமும் தலையசைத்து ஏற்றுக்கொண்டார். புறப்படும்போது, "எல்லாரும் தயாரா?" என்று முழங்குவார். அந்த எல்லாரும் காத்தக்கா ஒருத்திதான். "தயார்தான். முதல்ல கரையில கட்டின கயித்த அவுத்துட்டு வாங்க" என்பாள்.

கடலில் ஏற்கெனவே காற்று இருக்கும். அதில் அவளுடையது எது என்று யாரும் கேட்க மாட்டார்கள். அவள் அலையைப் பார்த்தாள், பறவையைப் பார்த்தாள், அடிவானத்தைக் கண் வலிக்கும் வரை பார்த்தாள். யாருடைய காகிதமும் பறக்கவில்லை.

வினை பாயில் இருந்தது. படகின் முன்னால் ஒரே ஒரு பெரிய பாய். நாலு தடியர்கள் சேர்ந்து இழுக்க வேண்டியது. ஒரு மத்தியானம் சூறை அடித்தபோது அதைச் சுருட்டும் உருளை பாதியில் இறுகிக்கொண்டது, எஞ்சின் ஒரு கயிற்றை விழுங்கி நின்றது, அட்மிரலின் தோள் பிசகியது. மீன்பிடிப் படகு ஒன்று அவர்களைக் கட்டி இழுத்து வந்தது. மறுநாள் மகள் வந்து நின்றாள். கோபம் இல்லை, பயம்தான்.

"போதும்ப்பா, வித்துடுங்க. அம்மாவுக்கு ரூம் ரெடி பண்ணிட்டேன். ஜன்னல் அடைச்சாச்சு, எல்லாத்துக்கும் கிளிப் போட்டாச்சு."

அட்மிரலின் தோள் ஆறும் வரை காத்தக்கா மகள் வீட்டு அறையில் இருந்தாள். மகள் பாசமாக எல்லாவற்றுக்கும் துணிக் கிளிப் மாட்டியிருந்தாள்: திரைக்கு, நாளிதழுக்கு, மேசைவிரிப்புக்கு. காத்தக்கா நடுவில் உட்கார்ந்து தரையைப் பார்த்தாள். தரை சுத்தமாக இருந்தது. இனி சாகும் வரை இந்தத் தரைதான் என்று தோன்றியது. ஒருநாள் பால்கனிக் கொடியில் கட்டில் விரிப்பைக் காயப்போட்டுவிட்டு ஆற்றாமையில் அதையே பார்த்தாள். விரிப்பு நாலு மூலையும் விறைக்க நிறைந்தது. ஒரு சுருக்கம் இல்லை, ஒரு விரல் மிச்சமில்லை. அதை அவிழ்த்து மடித்துக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு படகுக்குப் போனாள்.

"இந்த அளவுல ஒரு பாய் வேணும். பெரிய பாய்க்கும் பாய்மரத்துக்கும் நடுவுல."

"முன்னால ரெண்டு பாய், கட்டர் அமைப்பு! நான் எப்பவோ நெனச்சேன்" என்றார் அட்மிரல்.

"நெனச்சது நல்லதாப் போச்சு. வேலைய ஆரம்பிங்க."

ஆரம்பித்தார். முன்பாயை இருவர் கைக்கு அடங்கும்படி வெட்டித் தைத்தார்கள். அதற்குப் பின்னால் இன்னொரு எஃகுக் கம்பி இழுத்து, அதில் சின்ன உள்பாய். படகு திரும்பும்போது யாரும் தொடாமல் தானே பக்கம் மாறிக்கொள்ள அதன் அடியில் ஒரு குட்டித் தண்டு. கயிறுகள் எல்லாம் சுக்கான் பக்கத்து இருக்கைக்கே வந்தன. சூறையில் முன்னால் ஓட வேண்டாம். அட்மிரல் புதுக் கம்பியை வெறும் தளத்தில் மாட்டி முறுக்கியபோது தளம் வயிறு உப்பியதுபோல் மேலே வந்தது. கீழே அடிக்கட்டையோடு ஒரு இரும்புத் தண்டால் பிணைக்க வேண்டியிருந்தது. அந்தத் தண்டு படுக்கையின் நடுவில், இரண்டு தலையணைக்கும் இடையில் இறங்கியது.

"இத்தனை வருஷத்துல நமக்கு நடுவுல வந்தது இது ஒண்ணுதான்" என்றார் அவர்.

"உங்க குறட்டைய மறந்துட்டீங்க."

மகள் ஒரு நிபந்தனை வைத்தாள். "எஞ்சின் போடாம, யாரும் இழுக்காம, நீங்க ரெண்டு பேரே அந்தத் தூரத்து மிதவையச் சுத்திட்டு வாங்க. அப்புறம் நான் வாய் திறக்கல. இல்லன்னா அம்மா என்கூட."

அவர்கள் புறப்பட்ட நாளில்தான் படகுச் சங்கத்தின் ஆண்டு அணிவகுப்பு. தலைவரானதிலிருந்து கடலுக்குப் போகாத தலைவர் அன்று மட்டும் ஒலிபெருக்கியோடு போயிருந்தார். இரண்டு பாயும் நன்றாக இழுக்க, அட்மிரலும் காத்தக்காவும் தூரத்து மிதவையைச் சுற்றித் திரும்பினார்கள். பாதி வழியில் காற்று செத்தது. கடல் எண்ணெய்போல் கிடந்தது. அணிவகுப்புப் படகுகள் அங்கங்கே நின்றன. எஞ்சின் போடுவது சங்கத்தின் கௌரவத்துக்கு இழுக்கு என்று அதே தலைவர் தீர்மானம் போட்டிருந்தார். படகுத்துறையில் மகள் ஒரு புள்ளியாகத் தெரிந்தாள்.

அட்மிரலுக்கு ஆணையிட ஒன்றும் தோன்றவில்லை. தொப்பி நாடாவை அவிழ்த்துத் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டார். "நீ பாரு" என்றார், கல்யாணத்தன்று சொன்ன அதே குரலில்.

காத்தக்கா உள்பாயைப் பார்த்தாள். அது நாலு மூலையும் நிறைந்தது. ஒரு சுருக்கம் இல்லை. படகு கிளம்பியது. படகில் இருப்பவர் ஊதி அதே படகை நகர்த்த முடியாது என்று சங்கத்தின் தொழில்நுட்பக் குழு அங்கேயே படம் வரைந்து நிரூபித்தது. நிரூபணம் முடிந்தபோது படகு அவர்களைத் தாண்டியிருந்தது. தலைவர் ஒலிபெருக்கியில், "சங்கத்தின் சார்பாக வழிவிடுகிறோம்" என்று அறிவித்தார். எல்லாரும் அசையாமல் நின்று வழிவிட்டார்கள்.

துறையை நெருங்கியதும் அட்மிரல் உள்பாயை இறக்கினார். அதுவரை பாய் மறைத்திருந்த இடத்தில், துறையின் மேல் மகள் நின்றாள். காத்தக்கா கண்ணைத் தாழ்த்த மறந்துபோனாள். அந்தப் பெண்ணைத் தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து அவள் ஓரக்கண்ணால்தான் பார்த்திருக்கிறாள், சளி பிடித்துவிடும் என்று. இப்போது நேராகப் பார்த்தாள். மகளின் முடி பறந்தது, கையில் இருந்த குடை பறந்தது. அவள் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அந்தக் காற்றில் முகத்தை வைத்து நின்றாள்.

"பாரும்மா" என்றாள், "எனக்கு ஒண்ணும் ஆகாது." பிறகு கேட்டாள்: "அந்தக் கிளிப்பெல்லாம் என்ன பண்றது?"

"எடுத்துட்டு வா. இங்க துணி காயப்போட ஆகும்."

இப்போதும் அவர்கள் அந்தப் படகில்தான் இருக்கிறார்கள். மகள் அடிக்கடி வந்து, அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து தலை உலர்த்திக்கொள்கிறாள். அட்மிரல் படகில் தொப்பி போடுவதில்லை. துறைமுகத்தின் வானிலைப் பலகையில் தினமும் வெளிக்காற்றின் திசையையும் வேகத்தையும் எழுதி, அதன் கீழே இன்னொரு வரி சேர்க்கிறார்கள்: காத்தக்கா படகில், மிதமான காற்று.