ஒருத்தருக்கும் இருமல் இல்லை

நிர்மலாவின் முனைவர் பட்டத்துக்குத் தேவைப்பட்டது ஒன்றே ஒன்றுதான்: இருமல். அவளுடையது அல்ல, பிறத்தியாருடையது. பஞ்சுத் தூசியில் வேலை செய்கிறவர்களுக்கு வருஷம் ஏற ஏற மூச்சு குறைகிறதா என்பது அவளுடைய ஆராய்ச்சி. திருப்பூரில் தடுக்கி விழுந்தால் ஒரு பனியன் கம்பெனி, அங்கே இருமலுக்கா பஞ்சம் என்றுதான் கோயமுத்தூர்க் கல்லூரியில் அடம்பிடித்து அந்தத் தலைப்பை வாங்கினாள். போதாததற்கு அம்மா மயிலாளுக்கே ஒரு பனியன் கம்பெனியில்தான் வேலை. துணி வெட்டியதில் மிஞ்சுகிற கட்டிங் வேஸ்ட்டை நிறம் நிறமாகப் பிரித்து மூட்டை கட்டுகிற அறையில் பல வருஷமாக இருந்தாள். சூப்பர்வைசர் லிங்கசாமியிடம் மயிலாள் ஒரு வார்த்தை சொன்னாள், அனுமதி கிடைத்துவிட்டது.

வெள்ளைக் கோட்டும் மூச்சளக்கும் கருவியுமாக நிர்மலா போய் இறங்கிய அன்று கம்பெனி கல்யாண வீடுபோல இருந்தது. தரை கழுவி விடப்பட்டிருந்தது. எல்லார் மூக்கிலும் மடிப்புக் கலையாத புது மாஸ்க். லிங்கசாமி சட்டையை இன் பண்ணிக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

"வாங்கம்மணி, வாங்க. மொதல்ல பாத்ரூம் பாக்கறீங்களா, மொதலுதவிப் பொட்டி பாக்கறீங்களா?"

"ரெண்டும் வேண்டாமுங்க. ஆளுங்கதான் வேணும்."

சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர்கள் சார்பில், தொழிலாளர்களை ஒழுங்காக நடத்துகிறார்களா என்று பார்க்க வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை ஆடிட் வரும். கோட்டுப் போட்ட ஆள் வந்து கேள்வி கேட்டால் கம்பெனி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது எல்லாருக்கும் தலைகீழ்ப் பாடம். நிர்மலாவும் கோட்டுப் போட்டிருந்தாள், கேள்வியும் வைத்திருந்தாள். அந்தப் பாடம் அவள் முன்னால் தானாக ஓடத் தொடங்கியது.

முதலில் வந்து உட்கார்ந்தது ராமநாதபுரம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த ராக்கம்மாள்.

"இருமல் இருக்குங்களாக்கா?"

"இல்ல மேடம். எட்டு மணி நேரந்தான் வேலை. ஞாயித்துக்கெழம லீவு. தீயணைக்கிற சிலிண்டரு கதவுக்கு வலது பக்கம் இருக்கு."

"நான் அதக் கேக்கலீங்க்கா."

"கேப்பீகன்னு சொல்லித்தான் குடுத்தாக மேடம்."

அடுத்தவருக்கும் இருமல் இல்லை. அதற்கடுத்தவருக்கும் இல்லை. ஒருவர் இருமிக்கொண்டே இல்லை என்றார்; லிங்கசாமி அவரை நாசூக்காகத் தோளைப் பிடித்து வெளியே அழைத்துப் போனார். பிறகு ஊதல் படலம். கபடி ஆடுகிற முனீஸ் ஊதிய ஊதலில் கருவி கீச்சென்று கத்தியது. வரிசையை நடத்தியது மயிலாள்தான். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஆளை ஆளைப் பொறுக்கி முன்னால் தள்ளி, "அடிவகுத்துல இருந்து ஊது சாமி, உட்றாத உட்றாத" என்று முடுக்கினாள். ஊதி முடித்தவர்களுக்குக் கைதட்டல் வேறு. அம்மாவை ஊதச் சொல்ல வேண்டும் என்று நிர்மலாவுக்குத் தோன்றவே இல்லை.

கல்லூரியில் அவளுடைய கைடு சித்ராதேவி மேடம் முடிவுகளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"நிர்மலா, ஒப்பிட்டுப் பார்க்க நம்ம காலேஜ் பசங்களை ஊத வெச்சோமே, அவங்களைவிட இவங்களுக்கு நுரையீரல் பிரமாதமா இருக்கு. இதை எழுதினா நாளைக்கே எல்லாரும் காலேஜை விட்டுட்டுப் பனியன் கம்பெனிக்குப் போயிடணும்."

"மேடம், அது வந்து..."

"அடுத்த மாசம் கமிட்டி உட்காருது. இதைக் கொண்டுபோனா தலைப்பையே மாத்தச் சொல்லிடுவாங்க. முதல்லேருந்து ஆரம்பிக்கணும், உதவித்தொகையும் அதோட நின்னுடும். எங்கேயாவது நிஜமான ஆட்களைப் பிடிச்சுக்கிட்டு வா."

மூன்று வருஷம் மண்ணாய்ப் போகப் போகிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை நிர்மலா ஹாஸ்டலிலிருந்து வீட்டுக்கு உர்ரென்று வந்து சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்தாள்.

"என்ன கண்ணு, பாஸா?" என்று ஆவலாகக் கேட்டாள் மயிலாள்.

"எங்கம்மா பாஸாகறது? ஒருத்தருக்குக்கூட மூச்சுக் கொறையலையே!"

"எப்படிக் கொறையும்?" மயிலாளுக்குப் பெருமை பிடிபடவில்லை. "நாந்தான் ஊதறக்குத் தெம்பான ஆளாப் பாத்துப் பொறுக்கி உட்டேன்ல. இருமறவீங்களையெல்லாம் மேல் மாடில உக்கார வெச்சுட்டோம். என்ற புள்ளைக்குப் பரீச்சை, ஒருத்தரு சொதப்புனாலும் பெயிலாப் போயிருமுன்னு ஒவ்வொருத்தருகிட்டயும் கையப் புடிச்சுச் சொன்னேனாக்கும்."

நிர்மலா பிசைந்த சோற்றை அப்படியே தட்டில் போட்டாள். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் சிரித்துத் தொலைத்தாள். பிறகு, தனக்கு வேண்டியது அந்த மாடியில் உட்கார்ந்திருந்தவர்கள்தான் என்பதைப் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். மயிலாள் வாயைப் பிளந்து கேட்டாள்.

"அட கெரகமே! இருமறவீங்கதான் வேணுமா? இதுக்கா இத்தன கோட்டும் மெஷினும்? வார ஞாயித்துக்கெழம வாரேன்னு சொல்லு, ஊட்டுக்கே கூட்டியாறேன்."

சொன்னபடி கூட்டிவந்துவிட்டாள். அடுத்த ஞாயிறு வீடு நிரம்பி வாசலிலும் ஆள் நின்றது. கோட்டு இல்லை, லிங்கசாமி இல்லை, மாஸ்க் இல்லை. இருமல் மட்டும் தினுசு தினுசாக இருந்தது. ராக்கம்மாள் நுழையும்போதே இருமிக்கொண்டு, "எனக்கு எட்டு வருசமா இருக்கு தாயி. அன்னைக்கி பதில் சொல்றவரைக்கும் அடக்குறதுக்குள்ள உசுரு போயிருச்சு, ஊதுறதுக்கு முன்னாடி மாடிக்கி அனுப்பிட்டாக" என்று சிரித்தாள்.

இருக்க வேண்டிய மூச்சில் நூற்றுக்கு எண்பதுக்குக் கீழே போனால் மூச்சு குறைவு என்று கணக்கு. ராக்கம்மாள் அறுபத்தாறு. நிர்மலா தன்னை மறந்து, "சூப்பருங்க்கா!" என்று கத்திவிட்டாள். அப்புறம் எல்லாருக்கும் அதுவே வாடிக்கையாகிவிட்டது. எழுபத்தொன்று வாங்கியவர் அறுபது வாங்கியவரைப் பொறாமையோடு பார்த்தார். சாயங்காலத்துக்குள் அவளுடைய ஆராய்ச்சி எழுந்து உட்கார்ந்துவிட்டது. கமிட்டியில் யார் என்ன கேட்டாலும் பதில் இருந்தது. நிர்மலாவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

எல்லாரும் போன பிறகு டீ டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மயிலாள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எனக்கும் ஒண்ணு வெய்யி கண்ணு."

"உனக்கெதுக்கும்மா?"

"வெய்யி சொல்றேன்."

நிர்மலா சிரித்துக்கொண்டே புதுக் குழாயை மாட்டிக் கொடுத்தாள். மயிலாள் கண்ணை இறுக மூடி ஊதினாள். மற்றவர்கள் ஊதியதில் பாதிகூட ஊதியிருக்க மாட்டாள், இருமல் பிடித்துக்கொண்டது. ஆளை இரண்டாக மடித்துப் போட்ட இருமல். திரையில் நாற்பத்து மூன்று என்று வந்தது.

"எத்தன?" என்றாள், முந்தானையால் வாயைத் துடைத்தபடி.

நிர்மலா சொன்னாள்.

"அல்லாத்தையும்விடக் கம்மியா? அப்ப நாந்தான் பர்ஸ்ட்டு!" மயிலாளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "இருமல்தான் வேணுமுன்னு மொதல்லயே சொல்லியிருந்தீன்னா ஊரெல்லாம் தேடியிருக்க வேண்டாமல்லொ? எங்கிட்டயே கெடந்துச்சு. படிக்கற புள்ளைக்கு எதுக்கு வெசனமுன்னு நீ வாரன்னிக்கு மட்டும் மருந்தக் குடிச்சுக்குவேன்."

எந்தத் தூசி எந்த நுரையீரலில் எவ்வளவு நாளில் எப்படிப் படியும் என்று மூன்று வருஷமாகப் படித்தவள் நிர்மலா. அந்த நாற்பத்து மூன்றுக்கு என்ன அர்த்தம் என்று அந்த வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

மயிலாள் பதறிப்போய் அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"ஏங்கண்ணு, இன்னுங் கம்மியா வரோணுமா? மறுக்கா ஊதட்டா?"