அப்சலோமுக்குப் பக்கத்து இடம்

துணி மாட்டும் கம்பிகள் இரண்டை வளைத்துக் கைக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு, ஐம்பத்தெட்டு வயதில், முழங்கால் வலியோடு, டாக்கெட் குடும்பத்துக் கல்லறை மேட்டில் ரோடா நடந்துகொண்டிருந்தாள். கம்பிகள் தாமாகத் திரும்பி ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே விழுந்தால் கீழே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். அவள் அப்பா வர்ஜில் அப்படித்தான் நம்பினார். இன்று மதியம் அவரைத்தான் இங்கே புதைக்க வேண்டும். இடம் காலியா என்று அவர் முறைப்படியே பார்க்காவிட்டால் பெட்டிக்குள் படுத்தபடியே திட்டுவார்.

"மெதுவா நட அக்கா. கொடியில துணி எடுக்கப் போற மாதிரி போறே," என்றான் டென்சில். சித்தப்பா மகன். மண்வெட்டியில் சாய்ந்து நின்றிருந்தான். சர்ச் ஆட்கள் இரண்டு பேர் அவனுக்குப் பின்னால் புகைத்துக்கொண்டிருந்தார்கள். குழியைச் சொந்தபந்தம்தான் வெட்ட வேண்டும், அதுவும் புதைக்கிற அன்று காலையில்தான். திறந்த குழியை இரவுக்கு விட்டுவைப்பது அந்த மலைப்பக்கத்தில் வழக்கமில்லை.

கம்பிகள் குறுக்கே விழுந்தன.

"டென்சில், விழுந்திருச்சு."

"அது உன் கை நடுக்கம். காலையில ஏதாவது சாப்பிட்டியா நீ?"

ரோடா நாலடி தள்ளிப் போனாள். அங்கே புல்லில் டென்சிலின் சாப்பாட்டு டப்பா இருந்தது. அதன் மேலும் விழுந்தன.

"இதுக்குள்ள யாரு?"

"வறுத்த கோழி."

"அப்ப சரியாத்தான் சொல்லுது."

சர்ச் ஆட்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். கோழியையும் முன்னோரையும் ஒன்றாகப் பார்க்கிற கம்பியை எப்படி நம்புவது? "வெட்டுங்க," என்றாள்.

மேட்டின் உச்சியில் அப்சலோமின் கல் நின்றது. அப்சலோம் டாக்கெட் இருநூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு கோடாரி, ஒரு மாடு, கெசியா என்கிற மனைவி ஆகியவற்றோடு மலையைத் தாண்டி இந்தக் கென்டக்கிக் காட்டுக்குள் வந்து குடியேறியவர். மாட்டின் நிறம் என்ன என்பதைத் தவிர மற்றதெல்லாம் வர்ஜிலுக்குத் தெரியும். தபால்காரராக இருந்தவர். வாரம் முழுக்க உயிரோடிருப்பவர்களின் முகவரியைத் தேடுவார், விடுமுறையில் செத்தவர்களுடையதை. மற்றப் பிள்ளைகள் கோடையில் கடலுக்குப் போனார்கள். ரோடா, பழைய பதிவேடுகளைப் புரட்டும் அப்பாவோடு நீதிமன்றங்களுக்குப் போனாள். கடலை முதன்முதலில் பார்த்தபோது அவளுக்கு நாற்பது வயது. அதற்குள் மாநிலத்தின் பாதி நீதிமன்றக் கழிவறைகள் அவளுக்கு அத்துப்படி.

அம்மா ஓப்பல் ஒருநாளும் உள்ளே வந்ததில்லை. காரிலேயே உட்கார்ந்து மடியில் பீன்ஸைப் போட்டு நார் உரித்துக்கொண்டிருப்பாள். "இதோ அஞ்சு நிமிஷம்" என்று போகிற அப்பா, நீதிமன்றம் கதவைச் சாத்தும்போதுதான் வருவார், முகமெல்லாம் வெளிச்சமாக. "அப்சலோமோட ஏழாவது பையன் கிடைச்சுட்டான் ஓப்பல்! இந்தியானாவுக்கு ஓடிட்டான்!"

"அவனுக்காவது புத்தி இருந்திருக்கு," என்பாள் அம்மா.

கடைசியில் அப்சலோமின் ஒன்பது பிள்ளைகளையும் பிடித்துவிட்டார். வேலி தாண்டிய கன்றுகளைப் பட்டியில் அடைத்தது போல அவர்களை ஒரு நீளத் தாளில் எழுதிச் சாப்பாட்டு மேசைக்கு எதிரே ஒட்டினார். இந்தக் கல்லையும் அவர்தான் நட்டார், கம்பி சொன்ன இடத்தில். அதன் கீழே அப்சலோம் உண்மையிலேயே இருக்கிறாரா என்பது அப்சலோமுக்கும் கடவுளுக்கும் மட்டுமே தெரியும். அதற்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பலகையைச் செருகி, அதில் தன் பெயரைக் கறுப்புப் பெயிண்டில் எழுதி வைத்தார். தன் இடமாம்.

அம்மா மட்டும் சாகும்போது தெளிவாகச் சொல்லிவிட்டாள். "என்னைக் கீழ சர்ச் பக்கம் போடுங்க. அந்த அப்சலோம் கிழவனோட முப்பது வருஷம் ஒரே மேசையில சாப்பிட்டாச்சு. போதும்." அங்கே இரட்டைக் கல் வைத்தார்கள். ஒரு பக்கம் ஓப்பல். மறுபக்கம் வர்ஜில்; அவர் இறந்த வருஷத்துக்கான இடம் மட்டும் பதினோரு வருஷமாக வழவழவென்று காலியாக இருந்தது.

போன செவ்வாய்க்கிழமை, ஆஸ்பத்திரியில், அப்பா அவள் மணிக்கட்டைப் பிடித்தார். "மேலதான். அப்சலோம் பக்கத்துல."

"சரிப்பா."

"சரின்னா போதாது."

"சத்தியமா."

மூன்று நாள் தூங்காதவள். நிலாவில் புதைக்கச் சொல்லியிருந்தாலும் சத்தியம் செய்திருப்பாள்.

"அக்கா, இங்க வா."

டென்சில் குழிக்குள் மார்பளவு ஆழத்தில் நின்றான். அவன் குரலில் கோழி, கம்பி, கிண்டல் எதுவும் இல்லை. மண் அங்கே இரண்டு நிறமாகக் கலந்திருந்தது, யாரோ முன்பே ஒருமுறை வெட்டி மூடியதைப் போல. துருப்பிடித்த ஆணிகள் வரிசையாக ஒரு சின்ன நீள்சதுரம் போட்டிருந்தன. நடுவில் மூன்று பொத்தான்கள். எலும்பைச் செதுக்கிச் செய்தவை, பட்டாணி அளவு.

டென்சில் தன் முன்கையை அந்த ஆணி வரிசைக்கு நேரே வைத்துப் பார்த்தான். மரம் மக்கிப்போன அந்தப் பெட்டி அதைவிட அதிக நீளமில்லை. கையை எடுத்துக்கொண்டான்.

"ஒன்பதுன்னுதானே பெரியப்பா சொன்னாரு?"

"ஒன்பதுதான்."

சர்ச் ஆட்களில் ஒருவர் தொப்பியைக் கழற்றினார். கீழே பள்ளத்தில் ஒரு நாய் குரைத்தது. டென்சில் பொத்தான்களை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, ஒரு பிடி மண்ணைக் கையாலேயே எடுத்து மேலே போட்டான். பிறகு வெளியே ஏறி வந்தான்.

"இப்ப என்ன பண்ண? கல்லுக்குக் காலடிப் பக்கம் இடம் இருக்கு. கொஞ்சம் பாறை, ஆனா வெட்டிரலாம். அப்சலோமை விட்டு நாலடிதான் தள்ளி. இந்தச் சேதி தெரிஞ்சா பெரியப்பா இங்கதான் படுப்பேன்னு இன்னும் ஒத்தைக்கால்ல நிப்பாரு."

உண்மைதான். ஒரு அளவு நாடாவையும் கூடவே வைக்கச் சொல்வார். ரோடா கையிலிருந்த கம்பிகளைப் பார்த்தாள். காலடிப் பக்கத்தைப் பார்த்தாள். அங்கிருந்து சர்ச்சின் கூரை தெரிந்தது. அதை ஒட்டிய கல்லறைத் தோட்டம் மரங்களுக்குப் பின்னால் மறைந்திருந்தது.

"கீழ," என்றாள்.

"சத்தியம் பண்ணேன்னியே?"

"பண்ணேன். அவர் கேட்ட இடம் இது. இதுல வேற ஆள் இருக்கு."

"அக்கா, காலடியில..."

"அம்மா இன்னும் கார்லயே உக்காந்திருக்கா, டென்சில்."

அவன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, மலையடி வீட்டுக்காரனிடம் குழி வெட்டும் மெஷின் கேட்டான். கீழே மண் இளகல். பெரியப்பாவுக்குக் கையால் வெட்டிய மரியாதை ஏற்கெனவே நடந்துவிட்டது என்று போதகரிடம் சொல்லிக்கொள்ளலாம்.

சர்ச்சில் பெட்டியை மூடுவதற்கு முன் ரோடா கடைசியாகப் போனாள். அப்பாவுக்கு யாரோ தலையைத் தப்பான பக்கம் வகிடெடுத்து வாரியிருந்தார்கள். அதைத் திருத்தினாள். குனிந்து, காதருகே, "ஒன்பதில்ல, பத்துப்பா," என்றாள்.

"என்ன சொன்னே?" என்று கேட்டாள் டென்சிலின் மனைவி லவீனா. "ஜெபமா?"

"ஒண்ணுமில்ல."

அடக்கம் முடிந்து, சர்ச் அடித்தளத்தில் பன்றித் தொடைக்கறியும் சோளரொட்டியும் சாப்பிட்டு, "நல்லவரு, ஆனா பேச ஆரம்பிச்சா..." என்று பதினேழு பேர் சொல்லக் கேட்டு முடித்தபோது வானம் கறுத்துவிட்டது. மேட்டுக் குழியைப் பாதிதான் மூடியிருந்தார்கள். டென்சிலும் அவளும் ஏறிப்போய் மிச்ச மண்ணைத் தள்ளினார்கள். சர்ச் உடுப்பிலேயே. யாரும் அவசரப்படவில்லை, அதற்கான தெம்பும் இல்லை.

"அந்தப் பலகையப் பிடுங்கிப் போடு அக்கா," என்றான் டென்சில். "இல்லைன்னா நூறு வருஷம் கழிச்சு ஒரு கிறுக்கன் வந்து, வர்ஜில் இங்கதான் கிடக்காருன்னு எழுதி வச்சுருவான்."

"நம்ம குடும்பத்துல கிறுக்கனுக்கா பஞ்சம்?"

ஆனாலும் பிடுங்கினாள். அப்பாவின் எழுத்து, தபால்காரனின் கட்டை எழுத்து, மழையிலும் வெயிலிலும் கொஞ்சமும் மங்காமல் இருந்தது. கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்திருந்தாள். பிறகு திருப்பினாள். பின்பக்கமும் வெள்ளையடித்திருந்தார், எதுவும் எழுதாமல். அந்தப் பக்கம் முன்னால் தெரியும்படி, புதுமண்ணின் தலைமாட்டில் வைத்து, டென்சிலின் மண்வெட்டியின் பின்புறத்தால் தட்டி இறக்கினாள்.

"என்ன எழுதப் போற?"

மழையின் முதல் துளிகள் பலகையில் விழுந்தன.

"டப்பாவ எடுத்துக்கோ," என்றாள் ரோடா. "கோழியத் தொடவே இல்லையே நீ."