மறுகரையில் மஞ்சள் சட்டை

காலையில் தேசியப் பூங்காவின் பேருந்தில் ஏறியதிலிருந்து ரேடியோ நிற்கவே இல்லை. ரேடியோ என்பது அண்ணனுக்கு வீட்டார் வைத்த பெயர். ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்பவர். போகிற வீட்டில் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் படுத்துக்கொண்டே அந்த வீட்டாரைச் சிரிக்க வைத்துவிட்டு வருவார். போன வருஷம் அண்ணி இறந்தபோது, துக்கம் விசாரிக்க வந்தவர்களை அவர்தான் தேற்றி அனுப்பினார். மனுஷன் நல்லா தேறிட்டார் என்று ஊரே சொன்னது. தங்கையும் அதையே நம்பினாள். பள்ளிச் சீருடை தைக்கும் பட்டறையில் பகல் முழுக்க மெஷினில் குனிந்து கிடப்பவளுக்கு அப்படி நம்புவதுதான் சுலபமாக இருந்தது.

ஒரு மாறுதலுக்காக இருக்கட்டும் என்று அவளும் அவள் புருஷனும்தான் அண்ணனை இந்தப் பள்ளத்தாக்குக்கு இழுத்து வந்தார்கள். புருஷன் தண்ணீர் லாரி ஓட்டுபவர். அண்ணனுக்கு நேர் எதிர். அவர் வாயைத் திறப்பதே அபூர்வம்.

முதல் காட்சிமுனையில் கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு மூவரும் எட்டிப் பார்த்தார்கள். பாறை செங்குத்தாக இறங்கி, அடியில் ஆறு ஒரு நூல்போலக் கிடந்தது. எல்லோரும் வாயடைத்து நின்றபோது, ரோடு போடுற கான்ட்ராக்டர் இங்கேயும் வந்து வேலை பார்த்திருக்கார் போலிருக்கே என்று அண்ணன் சொன்னார். பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாதவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள்.

அருவிக்குப் போகும் பாதை பாலத்தைத் தாண்டி மறுகரையில் இருந்தது. அங்கே போகவும் பேருந்துதான். மலையைச் சுற்றிக்கொண்டு போகும். அண்ணன் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்து முட்டியைத் தடவிக்கொண்டார்.

"படி ஏறணும்னா இது ஒத்துழைக்காது மாப்ளே. நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க. நான் இங்க உக்காந்து பள்ளத்தை எவனும் தூக்கிட்டுப் போகாம பாத்துக்கறேன்."

அருவிப் பாதை முழுக்க ஈரம். படியெல்லாம் வழுக்கியது. சாரல் முகத்தில் அடிக்க அடிக்க அவளுக்குப் பட்டறையின் நூல் தூசியெல்லாம் நெஞ்சிலிருந்து கழுவிப் போவதுபோல இருந்தது. மேலே, அருவிக்குப் பக்கத்துக் காட்சிமுனையில், இரும்புத் தூணில் ஒரு தொலைநோக்கி. காசு போட்டால் மூடி திறக்கும். நேரம் முடிந்ததும் டக்கென்று மூடிக்கொள்ளும். வரிசையில் நின்று, காசைப் போட்டாள். எல்லோரும் அருவியின் உச்சியைப் பார்க்க, அவள் விளையாட்டாக எதிர்க்கரையில் அண்ணனைத் தேடினாள்.

பெஞ்சு தெரிந்தது. அண்ணனின் மஞ்சள் சட்டையும் தெரிந்தது. அதற்குமேல் இருந்த முகத்தைத்தான் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

கண்ணும் மூக்கும் அண்ணனுடையதுதான். ஆனால் அதில் அண்ணன் இல்லை. விளக்கை அணைத்துப் பூட்டிவிட்டுப் போன கடைபோல இருந்தது. யாரும் பார்க்காதபோது அவர் முகம் இப்படித்தான் இருக்குமா? எத்தனை நாளாக?

அண்ணன் எழுந்தார். செருப்பைக் கழற்றி, பெஞ்சுக்கு அடியில் ஜோடியாக வைத்தார். நடந்துபோய்க் கம்பித் தடுப்பைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கி நின்றார்.

அவள் அலறினாள். அருவியின் இரைச்சல் அதைத் தின்றுவிட்டது. தோளில் கை வைத்த புருஷனிடம் எதிர்க்கரையைக் காட்டி, அண்ணன் கம்பிக்கு வெளியே நிற்கிறார் என்று எப்படியோ சொல்லி முடித்தாள். அவர் போனை எடுத்துப் பார்த்தார், சிக்னல் இல்லை. வனக்காவலரின் அறை கீழே பாதை தொடங்கும் இடத்தில் இருந்தது. அந்த வழுக்குப் படியில், பெரிய உடம்பை வைத்துக்கொண்டு, அவர் ஓடினார்.

அவள் மறுபடி கண்ணை வைத்ததும் டக்கென்று இருட்டியது. மூடி விழுந்துவிட்டது.

பையைத் துழாவினாள். சில்லறை இல்லை. அவளுக்குப் பின்னால் தொப்பி போட்ட ஒருவர் நின்றிருந்தார். மற்றவங்களும் பாக்க வேணாமா என்று ஏற்கெனவே முணுமுணுத்துக்கொண்டிருந்தவர். அவள் திரும்பினாள்.

"எங்க அண்ணன்," என்றாள். "அங்க... கம்பிக்கு வெளிய."

தொப்பிக்காரர் எதிர்க்கரையைப் பார்த்தார். வெறும் கண்ணுக்கு அங்கே புள்ளிகள்தான். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் தன் காசைப் போட்டார். அது முடிந்ததும் அவருக்குப் பின்னால் நின்ற பெண் போட்டாள். பிறகு வரிசையில் இருந்து கைக்குக் கை மாறிக் காசு வந்துகொண்டே இருந்தது. அருவியைப் பார்க்க அவ்வளவு தூரம் வந்தவர்கள். அவளுக்கு யாருடைய முகமும் தெரியாது, விரல்கள் மட்டும் தெரிந்தன.

அவள் கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் அவர் போய்விடுவார் என்று தோன்றியது. அத்தனை கிட்டத்தில் இருந்தார். சட்டைக் காலர் கிழிந்து தொங்குவதுகூடத் தெரிந்தது. போன மாதமே தைத்துத் தருகிறேன் என்று சொல்லியிருந்தாள். கடவுளே என்று கூப்பிடக்கூட அவளுக்கு வாய் வரவில்லை. யாராவது, யாராவது என்று மட்டும்தான் வந்தது. அதுவும் பிரார்த்தனைதான்.

மறுபடி மூடி விழுந்தது. காசு துவாரத்தில் சிக்கிக்கொண்டது. தொப்பிக்காரர் பெட்டியைக் கையால் ஓங்கி அடித்தார். திறந்தது.

பாறை விளிம்பு காலியாக இருந்தது.

யாரோ இரண்டு பெண்கள் அவளைப் பிடித்து உட்கார வைத்தார்கள். கீழே பார்க்கச் சொல்லி யாரும் சொல்லிவிடக்கூடாதே என்று காதைப் பொத்திக்கொண்டாள். தொப்பிக்காரர் தொலைநோக்கியில் கண்ணை வைத்தார். சட்டை என்ன நிறம் என்று கேட்டார். கேட்டது அவள் காதில் விழவே கொஞ்ச நேரம் ஆனது.

"மஞ்சள்."

"மஞ்சள் சட்டைக்காரர் கம்பிக்கு உள்ளதான் நிக்கறாரும்மா. யாரையோ போட்டோ எடுத்துக்கிட்டிருக்காரு."

அவள் நம்பவில்லை. ஆறுதலுக்குச் சொல்கிறார் என்றே நினைத்தாள். அவர்கள் அவளைத் தூக்கி நிறுத்தினார்கள். பார்த்தாள். அண்ணன் வெறுங்காலோடு, இரண்டு கையாலும் ஒரு போனைப் பிடித்து, கொஞ்சம் குனிந்து நின்றார். எதிரே ஒரு பெண்ணும், அவள் இடுப்பில் ஒரு குழந்தையும், சக்கர நாற்காலியில் ஒரு பெரியவரும். ஒன்று எடுத்தார். அந்தப் பெண் இடம் மாறி நின்று, இன்னொன்று என்றாள் போலிருக்கிறது. எடுத்தார். அவள் பெரியவரின் போர்வையைச் சரிசெய்து, மறுபடியும் விரலைக் காட்டினாள். வயர்லெஸ்ஸில் தகவல் போய் வனக்காவலரின் ஜீப் வந்து நிற்கும்வரை அண்ணன் எடுத்துக்கொண்டே இருந்தார்.

பேருந்து மலையைச் சுற்றி அவளையும் புருஷனையும் அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். காவலர் கொஞ்சம் தள்ளி நின்றார். அந்தப் பெண் இன்னும் போகவில்லை. தங்கையைக் கண்டதும் எழுந்து வந்தாள்.

"என்ன பேசறதுன்னு தெரியலைங்க. கையில போன் இருந்துச்சு. எங்களை ஒரு போட்டோ எடுத்துத் தருவீங்களான்னு கேட்டேன். வந்துட்டார்." தங்கை அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். வழியெல்லாம் அவரை அறையப்போவதாக நினைத்துக்கொண்டு வந்தவள். அவர் நிமிராமலே கேட்டார்.

"பாத்தியா பாப்பா?"

"பாத்தேன். அங்க காசு போடற பைனாகுலர்ல."

"முழுசாவா?"

"ஆமா."

யாரும் பார்க்கவில்லை என்று நினைத்திருந்தவருக்கு அது இடியாக இறங்கியது. முகம் வெளுத்தது. உடனே அந்தப் பழைய சிரிப்பை எங்கிருந்தோ இழுத்து மாட்டிக்கொண்டு, காசு குடுத்து என் மூஞ்சியைப் பாத்த முதல் ஆள் நீதான் என்று ஆரம்பித்தார். அவள் அவர் முழங்கையைப் பிடித்தாள்.

"வேணாம்ணா. எங்களுக்காக நீ சிரிக்க வேணாம். எப்படி இருக்கியோ அப்படியே இரு."

சிரிப்பு பாதியில் நின்றது.

"சாயந்திரமானா வீட்டுக்குள்ள நுழைய முடியலை, பாப்பா," என்றார். "கதவைத் திறந்துட்டு வாசல்லயே நிக்கறேன். தினமும்."

அண்ணி போனபிறகு அவர் அவளிடம் சொன்ன முதல் நிஜமான பேச்சு அதுதான். ஒரு வருஷமாக அவள் கேட்டிருக்க வேண்டிய கேள்விக்கான பதில் அது. இன்றைக்கு நம் வீட்டுக்குத்தான் போகிறோம், நாளைக்குப் பட்டறைக்கு லீவு, டாக்டரைப் பார்க்க நானும் கூட வருகிறேன் என்றாள். அவர் மறுக்கவில்லை. கண்ணீர் அதுபாட்டுக்கு இறங்கி மோவாயில் சொட்டியது. துடைக்கவும் இல்லை.

புருஷன் அதுவரை தள்ளியே நின்றார். சேறு அப்பிய பேண்ட், படியில் விழுந்ததில் சிராய்த்த உள்ளங்கை. வந்து மண்டியிட்டு, பெஞ்சுக்கு அடியிலிருந்து செருப்புகளை எடுத்து, மச்சானின் கால்களில் ஒவ்வொன்றாக மாட்டிவிட்டார்.

"வாங்க மச்சான்," என்றார். "பஸ்ஸு வந்துருச்சு."