மாலை சுற்றிய கழுத்து

குடத்துக்குக் கழுத்து உண்டு, கூஜாவுக்கு உண்டு, தாலி ஏறுவதும் கழுத்தில்தான். ஆனால் சுதை வேலைக்காரன் முனிரத்தினத்துக்குக் கழுத்து என்றால் கோயில் விமானத்தின் கழுத்துதான். மனிதனைப் போலவே விமானத்துக்கும் பாதம், தோள், கழுத்து, தலை எல்லாம் உண்டு. தோளுக்கும் தலைக்கும் நடுவே ஒடுங்கிய அந்த இடத்தில்தான் பூச்சு முதலில் விரிசல் விடும். அதைப் பூசத்தான் செவிலிமேட்டில் முப்பதடிச் சாரத்தில் ஏறியிருந்தான்.

திங்கட்கிழமை அவன் தங்கை பெரியநாயகிக்குப் பிள்ளையார்பாளையத்தில் பெண் பிறந்தது. தொப்புள்கொடி மூன்று சுற்றுக் கழுத்தில். மாலை சுற்றிப் பிறந்த பிள்ளை தாய்மாமனுக்கு ஆகாது என்றார்கள். வெள்ளிக்கிழமை எண்ணெய்க் கிண்ணத்தில் அதன் முகத்தை மாமன் பார்த்துத் தோஷம் கழிக்க வேண்டும். அதுவரை நேரில் பார்க்கக் கூடாது.

மறுநாளே தங்கையின் பக்கத்து வீட்டு மணியம்மாள் சாரத்தடியில் வந்து நின்றாள்.

"குழந்தைக்கு மூச்சு இழுக்குதுப்பா. பாலும் குடிக்கல. அதும் அப்பன் சேலை விக்கப் பட்டணம் போயிருக்கான். தீட்டு வீடுன்னு தெருவுல ஒருத்தனும் வண்டி கட்ட மாட்டேங்கிறான். நீ வந்தாத்தான் ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கினு போவலாம்."

"வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி நான் பாக்கக் கூடாதேம்மா."

"மூஞ்சியத் துணி போட்டு மூடிக்கினு வரோம்."

"வேலை பாதியில இருக்குது. வெள்ளிக்கிழமை வரேன்னு சொல்லு."

வேலை ஒன்றும் பாதியில் இல்லை. பூசியது காயட்டும் என்று சும்மாதான் உட்கார்ந்திருந்தான். பிடிமானம் இல்லாமல் சாரத்தில் நடக்கிற அந்த மகாசூரனுக்கு ஒரு நாள் குழந்தையிடம் அவ்வளவு பயம். உயிர்மேல் ஆசை யாருக்குத்தான் இல்லை என்று சொல்லிப் பார்த்தான். வெட்கம் போகவில்லை. இரண்டு நாளும் சோறு இறங்கவில்லை. ஆனாலும் போகவில்லை.

வெள்ளிக்கிழமை தலை முழுகி, புதுக் கிண்ணமும் நல்லெண்ணெயும் வாங்கிக்கொண்டு போனான். வாசலில் நின்ற ஆண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

பெரியநாயகி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள். விடியற்காலையிலேயே அது போய்விட்டது. துணி விலகிய கழுத்தில் விரல் அகலத்துக்கு நீலம் பாய்ந்திருந்தது. முகம் கண்ணில் படுவதற்குள் முனிரத்தினம் சட்டென்று திரும்பிக்கொண்டான்.

அவள் அழவில்லை.

"எண்ணெய் எதுக்குண்ணா இனிமே? நேராவே பாரு. உன்னை ஒண்ணும் பண்ணாது."